கடிதத்துக்கு முன் வெட்டிய பத்து மீட்டர்

1

செவ்வாய்க்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது மேசையில் கண்ணாடிச் சன்னல் வைத்த கடித உறை ஒன்று கிடந்தது. ஜெர்மனிக்கு வந்து முப்பத்திரண்டு வருடமாகிவிட்டது. குடியுரிமை எடுத்துவிட்டேன். ஆறு பேர் வேலை செய்கிற சின்ன வீதிக் கம்பனி ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறேன். இருந்தும் அரசாங்கக் கடிதம் வருகிற அந்தச் சன்னல் உறையைக் கண்டால் அகதி முகாம் வரிசையில் நின்ற பழைய பெடியனாகிவிடுகிறேன். இது என்ன வியாதியோ தெரியாது.

கடிதம் மாநில அரசின் கணக்காய்வுப் பகுதியிலிருந்து வந்திருந்தது. வெள்ளத்தில் அடித்துப்போன வீதிகளைத் திருத்த அரசாங்கம் கொடுக்கும் அவசர நிதி சரியான வழியில் போகிறதா என்று பார்ப்பவர்கள் அவர்கள். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலை நடக்கும் இடத்தில் டெர்மின், அதாவது நேரம் குறித்த சந்திப்பு, கட்டாயம் வரவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த தாளில் ஒரு வண்ணப்படம். அதில் என்னுடைய கை. கையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த கருங்கல். பின்னால் மண் தோண்டுகிற என்னுடைய பெக்கோ, மண் ஒட்டிய வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. படத்துக்குக் கீழே ஜெர்மன் மொழியில் ஒரு வரி: அப்பா வேலையைத் துவங்கிவிட்டார்!

அட கடவுளே என்று கதிரையில் இருந்துவிட்டேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு, ஒரு கல்லுக்கு இவன் ஏன் இப்படி நடுங்குகிறான் என்று தோன்றும். சொல்கிறேன். இங்கே வெள்ளம் வடிந்த கையோடு சல்லி பரப்பித் தற்காலிகப் பாதை போடலாம். அதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. நிரந்தர வீதி வேறு கதை. அதற்கு விண்ணப்பம் போட்டு, 'பெஷைட்' என்கிற அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் மண்ணில் கை வைக்கலாம். ஒரு நாள் முந்தித் துவங்கினாலும் நிதி கிடையாது, கொடுத்ததையும் திருப்பிக் கேட்பார்கள். எங்களுக்குப் பெஷைட் வந்தது தைப்பொங்கல் முடிந்து. இந்தப் படம் எடுத்தது கார்த்திகை மாதக் கடைசியில்.

2

நான் இருப்பது ஆஹென் நகரத்திலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில், மலையடிவாரத்தில் உள்ள சின்ன ஊர். ஊருக்கு நடுவே ஓடுவது முழங்காலளவு தண்ணீர் உள்ள ஓர் ஆறு. ஆறு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். முந்திய வருட ஆடி மாதம் அது ஏறிவந்து, அக்கரையில் இருக்கிற பதினெட்டு வீடுகளுக்குப் போகும் ஒரே வீதியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. பால்பண்ணைக்கார யோஹென் தன்னுடைய வயலைத் திறந்துவிட்டான். அதற்குள்ளால் நாலு நாளில் நாங்கள் சல்லிப் பாதை போட்டுக் கொடுத்தோம். மழை பெய்தால் அது சேறு. பால் வண்டி வராது. பள்ளிக்கூட பஸ் இக்கரையோடு திரும்பிவிடும்.

நிரந்தர வீதிக்கான கேள்விப்பத்திரத்தில் எங்கள் விலைதான் குறைவாக இருந்தது. இங்கே பிரதேச சபை மாதிரி உள்ள கெமைண்டேயில் வீதிகளுக்குப் பொறுப்பானவர் ஃப்ராவ் வெபர் என்கிற பொறியியலாளர். கறாரான மனிசி. அவர் தொலைபேசியில், "வேலை உங்களுக்குத்தான் வரும். ஆனால் பெஷைட் வரும்வரை ஒரு கல்லைக்கூடத் தொடவேண்டாம், ஒப்பந்தமும் அதன் பிறகுதான்" என்று சொன்னார். நானும் "ஓம் ஓம்" என்று தலையாட்டினேன்.

அன்று பின்னேரம் மனைவி சுகந்தி பஞ்சாங்கத்தோடு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, மார்கழி பிறந்தா ஒண்டும் துவங்கேலாது. வாற வெள்ளிக்கிழமை பின்னேரம் நல்ல நேரம் கிடக்கு. நாளுக்கு ஒரு கல்லை வைச்சிட்டு வாங்கோ. வேலையை ஆறுதலாத் துவங்கலாம்."

எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. வீடு கட்டக் கையில் ஒரு சதமும் இல்லாவிட்டாலும் நல்ல நாளை விடமாட்டோம். ஒரு கல்லை வைத்து அந்த நாளைப் பிடித்துக்கொள்வோம். வேலை ஆறு மாதம் கழித்து நடந்தாலும் துவங்கியது அந்த நாளில்தான் என்று மனம் ஆறுதலாக இருக்கும். இந்தக் கம்பனி தொடங்கிய நாளிலிருந்து ஒரு வேலையையும் நாளுக்குக் கல் வைக்காமல் நான் துவங்கியதில்லை.

ஆஹெனில் கட்டடப் பொறியியல் படிக்கிற மகள் ஆரணி அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். அவளையும் வீதி வரப்போகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உறைபனியில் மண் இறுகிக் கிடந்தது. மண்வெட்டி எகிறியது. தற்காலிகப் பாதையைப் பராமரிக்க அங்கேயே நிறுத்தி வைத்திருந்த பெக்கோவால் முழங்காலளவு குழி தோண்டிக் கல்லை வைத்தேன். ஆரணி படம் எடுத்தாள். "குளிர் தாங்கேலாது அப்பா" என்று யோஹென் வீட்டுக்குக் கோப்பி குடிக்க ஓடிவிட்டாள்.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. மிச்சத்தையும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை. ஆரணி போன பிறகு பெக்கோ சூடாக நின்றது. வெளிச்சமும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வெறும் கல்லை வைத்துவிட்டுப் போவது சாமியை ஏமாற்றுவதாக எனக்குப் பட்டது. வீதியோரம் தண்ணீர் ஓடுகிற கானுக்குப் பத்து மீட்டர் வெட்டிவிட்டேன். சாமியை ஏமாற்றக்கூடாது என்று நினைத்து அரசாங்கத்தை ஏமாற்றியிருக்கிறேன். எனக்கு விசர்தான்.

அந்தக் கான் இரண்டு நாளில் பனியால் மூடிப்போனது. ஆரணி படத்தை அந்த ஜெர்மன் வரியோடு தன்னுடைய இன்ஸ்டாகிராமில் போட்டாள். யோஹென் சந்தோசத்தில் அதை வாங்கி ஊர்ச் செய்தித்தாளுக்கு அனுப்பினான். அவர்கள் திகதியோடு அச்சடித்தார்கள். அரசாங்க உதவி பற்றிப் பொதுமக்களுக்கு அறிவித்ததற்கு ஆதாரமாகக் கெமைண்டேயே அந்தப் பக்கத்தை வெட்டிக் கோப்பில் வைத்தது. கணக்காய்வுக்காரர் கோப்பைக் கடைசித் தாள்வரை வாசிக்கிறவர்கள் என்பதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

3

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது எங்கள் ஊர்த் தாம்போதியைத்தான், மாரியில் வெள்ளம் மேலால் ஓடுகிற தாழ்ந்த பாலம் அது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மாரி வெள்ளம் தாம்போதியை உடைத்துவிட்டது. திருத்துவதற்கு நிதி வந்தது என்று பெயர்ப்பலகை நட்டார்கள். பெரிய இடத்திலிருந்து ஒருவர் பார்வையிட வருகிறார் என்று எங்களைக் கூலிக்குப் பிடித்து ஒரே நாளில் கிரவல் பரப்பினார்கள். அவர் வந்தார், மாலை போட்டார்கள், போனார். அடுத்த நாள் காலை அதே ஒப்பந்தக்காரன் அதே கிரவலைத் திரும்ப உழவு இயந்திரத்தில் ஏற்றச் சொன்னான். ஏற்றினோம். நானும்தான் ஏற்றினேன். இரண்டு நாள் கூலி கிடைத்தது என்று சந்தோசப்பட்டேன். பிறகு வேறு நிதி வந்தது, வேறு பலகை வந்தது. தாம்போதி மட்டும் வரவில்லை. ஒருவரும் வந்து ஒரு கேள்வி கேட்கவில்லை.

இங்கே ஒரு கல்லுக்குக் கேள்வி கேட்கிறார்கள். எரிச்சலாகத்தான் இருக்கிறது. சரியான எரிச்சல். ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் உண்மையாகவே அரைவாசி வீதி போட்டு முடிந்திருக்கிறது என்பதையும் நான் மறைக்கக்கூடாது.

4

புதன்கிழமை காலை ஃப்ராவ் வெபரின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. நிதி நின்றால் கெமைண்டேக்கு இந்த வீதியை முடிக்க வழியே இல்லை என்றார். அதோடு, பெஷைட்டுக்கு முன்னால் வேலை செய்ய அவர்தான் எனக்கு இரகசியமாக இடம் கொடுத்தார் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அவருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

"அன்றைக்கு என்ன நடந்தது? சடங்கு மட்டும்தானே?" என்று கேட்டார்.

"சடங்குதான்" என்றேன்.

"பெக்கோ?"

"கல்லுக்குக் குழி தோண்ட."

அவர் பெருமூச்சு விட்டார். ஒரு விளக்கக் கடிதம் ஏற்கனவே எழுதி வைத்திருந்தார். குறித்த நாளில் நடந்தது சமய வழக்கம் மட்டுமே, கட்டுமான வேலை எதுவும் நடக்கவில்லை என்று நாலு வரி. கீழே இரண்டு பெயர், என்னுடையதும் அவருடையதும். நான் கையெழுத்துப் போட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. பேனையை எடுத்த கை ஒரு கணமும் தயங்கவில்லை.

பின்னேரம் ஆரணி ஆஹெனிலிருந்து வந்து இறங்கினாள். தான் போட்ட படத்தால்தானே இவ்வளவும் என்று அழுது முகம் வீங்கியிருந்தது. வளர வளர எங்களிடமிருந்து விலகிக்கொண்டு போகிற பிள்ளை அவள். தமிழில் துவங்குவாள், பாதியில் ஜெர்மனுக்குத் தாவுவாள். இரண்டு மாதமாக என்னோடு தொலைபேசியில்கூட ஒழுங்காகக் கதைக்கவில்லை. அவள் அழுவதைக் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்துப் பத்து மீட்டர் கதையைச் சொல்லிவிட்டேன்.

சுகந்தி தலையில் கை வைத்தாள். "ஐயோ, இந்த மனுசன்! நான் கல்லை வைக்கத்தானே சொன்னனான். கானும் வெட்டச் சொன்னனானே?"

"வெட்டினது வெட்டினதுதான்."

"சரி, வாயை மூடிக்கொண்டு இருங்கோ. ஆருக்குத் தெரியும்? அந்தப் பதினெட்டு வீட்டுச் சனம் சேத்துக்குள்ள நடக்குது. உங்கட கானுக்காக அதுகளின்ரை வீதியைக் குழப்பப் போறியளே?"

ஆரணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஃப்ராவ் வெபருக்கு இது தெரியுமோ?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"அப்ப அவ உங்களை நம்பி ஒரு பொய்யில கையெழுத்து வைக்கிறா, அப்பா. அவவுக்கு அது பொய் எண்டே தெரியாது."

சுகந்தி "நீ சும்மா இரடி" என்று அதட்டினாள். ஆரணி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

5

வியாழக்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கணக்காய்வுக்காரர் வந்தார். ஹெர் லோமான். ஒல்லியான ஆள், சொந்தமாகக் கொண்டுவந்த றப்பர் சப்பாத்து, கக்கத்தில் அளவுகோல். கை குலுக்கினார், காலநிலை பற்றி ஒரு வார்த்தை சொன்னார். ஃப்ராவ் வெபர் தோளில் பையோடு எனக்குப் பக்கத்தில் நின்றார். ஆரணியும் வந்திருந்தாள், வாகனத்தோடு சாய்ந்து நின்றாள். யோஹென் உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

ஹெர் லோமான் முதலில் தற்காலிகப் பாதையை நடந்து பார்த்தார். சல்லியின் தடிப்பை அளந்தார். வந்த லொறிகளின் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் அந்தப் படத்தை எடுத்தார்.

"இந்தப் படத்துக்கு உங்கள் விளக்கம் எழுத்தில் இருக்கிறதா?"

"இருக்கிறது" என்று ஃப்ராவ் வெபர் பையைத் திறந்தார்.

"கொஞ்சம் நில்லுங்கோ!" என்றேன் நான். தமிழில் கத்தியிருக்கிறேன். எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. முப்பத்திரண்டு வருட ஜெர்மன் அந்த இடத்தில் என்னைக் கைவிட்டுவிட்டது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடுகிற டெர், டீ, டாஸ் எல்லாம் கலந்துபோய், ஜெர்மன் வகுப்பில் முதல் மாதம் இருந்தவன் மாதிரி உடைத்து உடைத்துச் சொன்னேன். கல் மட்டுமல்ல. கானும் வெட்டினேன். பத்து மீட்டர். ஃப்ராவ் வெபருக்குத் தெரியாது. நேற்றுக்கூட அவரிடம் மறைத்துவிட்டேன்.

ஃப்ராவ் வெபரின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. என்னைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தார்.

"எங்கே?" என்று கேட்டார் ஹெர் லோமான்.

காலடியால் அளந்து காட்டினேன். குழாய் பதித்து மூடியதால் இப்போது அது சல்லிக்கும் தாருக்கும் கீழே இருந்தது. அவர் அளவுகோலைப் போட்டுப் பார்த்து எழுதினார்.

"வெட்டச் சொன்னது யார்?"

"ஒருவரும் இல்லை. ஒரு கல்லைக்கூடத் தொடாதே என்று ஃப்ராவ் வெபர் சொன்னார்."

"அப்படியென்றால் ஏன் தொட்டீர்கள்?"

மார்கழி பிறந்தால் நாங்கள் ஒன்றும் துவங்குவதில்லை, அதற்கு முன்னமே நல்ல நாள் பார்த்துக் கல்லை வைத்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மார்கழியை எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டுத் தாளில் பதிந்துகொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்களே சொல்லுங்கள், இந்த வேலை எந்த நாளில் துவங்கியது?"

இதற்கு இரண்டு பதில் இல்லை. நாள் பார்த்து வைத்த கல்லுக்குப் பெறுமதி இல்லை என்று சொன்னால் என் வாய் வெந்துவிடும். "அந்த வெள்ளிக்கிழமைதான்" என்றேன். அவர் எழுதி, வாசித்துக் காட்டி, கீழே கையெழுத்து வாங்கினார். முடிவு வரும்வரை வேலையை நிறுத்தி வைக்கும்படி சொல்லிவிட்டு, மறுபடியும் கை குலுக்கிப் போனார். ஃப்ராவ் வெபர் பையை மூடிக்கொண்டு வாகனத்தில் ஏறினார்.

யோஹென் என் முன்னால் வந்து நின்றான். நல்ல மனுசன், வெள்ளத்து நாட்களில் எங்கள் ஆறு பேருக்கும் சாப்பாடு போட்டவன்.

"ஒரு வாக்கியம். அதை உன்னால் விழுங்கியிருக்க முடியாதா?" என்று கேட்டான்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆரணி வாகனத்தில் என் பக்கத்தில் இருந்து விம்மினாள். பெருமைப்படுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

"நான் எண்டா வாயே திறந்திருக்க மாட்டன், அப்பா. அவ்வளவு பயமாக் கிடந்தது. நீங்கள் சொல்லவேணும் எண்டுதான் வந்தனான். சொல்லேக்க, ஐயோ ஏன் சொல்லுறார் எண்டு இருந்தது."

நான் அவள் தலையைத் தடவிவிட்டேன். சின்ன வயதுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் அதற்கு விட்டாள்.

6

ஆறு வாரம் வேலை நின்றது. அந்த ஆறு வாரமும் மழை. அக்கரைப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள். யோஹென் பாலை உழவு இயந்திரத்தில் இக்கரைக்கு இழுத்தான். பாண் வாங்கப் போனால் எனக்கு முன்னால் நிற்பவர்களின் பேச்சு நின்றுவிடும். என் ஆறு பேரையும் வேறு கம்பனிக்கு இரவலாக அனுப்பினேன். சுகந்தி பஞ்சாங்கத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், சொன்னதற்காகப் பல நாள் வருந்தினேன். உண்மை பேசினால் மனம் இலேசாகும் என்பதெல்லாம் பேய்க்கதை. எனக்கு இலேசாகவில்லை. சேற்றில் நடக்கிற பிள்ளைகளைக் காணும்போது நெஞ்சு கனத்தது. நான் சொன்ன உண்மையின் பாரத்தை அந்தப் பிள்ளைகள்தான் சுமந்தார்கள்.

ஏழாவது வாரம் திங்கட்கிழமை ஃப்ராவ் வெபர் தொலைபேசியில் வந்தார். டெர்மினுக்குப் பிறகு அவர் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. முடிவு வந்துவிட்டது என்று சொல்லி, கடிதத்தை அப்படியே வாசித்தார். முன்கூட்டி வெட்டப்பட்ட பத்து மீட்டர் நிதியிலிருந்து நீக்கப்படுகிறது. அது ஒப்பந்தக்காரரின் சொந்தப் பொறுப்பு. ஒப்பந்தக்காரர் தானாகவே முன்வந்து சொன்னதாலும், கெமைண்டே வேண்டாம் என்று சொல்லியிருந்ததாலும், மிச்ச வீதிக்கு நிதி தொடரும். பொறியியலாளர் மீது குற்றம் எதுவும் காணப்படவில்லை.

"நன்றி" என்றேன்.

"நன்றி சொல்ல வேண்டாம்" என்றார். "புதன்கிழமை நீங்கள் போன கையோடு அந்தக் கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு வருடத்தில் என் கண்ணால் பார்க்காத ஒன்றுக்கு நான் கையெழுத்துப் போட்டது அன்றைக்கு மட்டும்தான். நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காகப் போட்டேன்."

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"நீங்கள் ஹெர் லோமானிடம் சொன்னது சரி" என்றார். "ஆனால் என்னிடம் கேட்டபோது சொல்லவில்லை. இனி உங்கள் வாய்ச்சொல்லை வைத்து நான் எதற்கும் கையெழுத்துப் போட மாட்டேன். நாளை காலை ஏழு மணிக்கு வேலையைத் துவங்குங்கள். அக்கரைச் சனம் காத்திருக்கிறது."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் அப்படி வலித்தது. மொழி தெரியாமல், ஆளும் தெரியாமல் வந்தவன் நான். தாளில் எழுதாமல், 'மகேன் சொன்னால் சரி' என்று இந்த ஊர் ஏற்றுக்கொள்ள எனக்கு இருபது வருடம் பிடித்தது. அதை ஒரு புதன்கிழமை காலையில் நானே தொலைத்துவிட்டேன்.

அடுத்த நாள் ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கவே போய்விட்டேன். எனக்கு முன்னமே ஃப்ராவ் வெபர் வந்திருந்தார். அந்தப் பத்து மீட்டரின் தொடக்கத்தில், மழைக் கோட்டோடு, நான் காட்டியதைத் தானே அளந்து பார்க்கக் கையில் அளவு நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.